மாங்கூழ் ஆலையில் விரல் தப்ப: பூட்டா, மூடி சுவிட்சா, கையுறையா?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு ஏப்ரல் என்றால் ஓவராயில் (முழுப் பராமரிப்பு) மாதம். பழத்தைக் கூழாக்கும் பல்ப்பருக்கு பேரிங் மாறும், சல்லடை புதிதாக ஏறும், பாய்லர் பார்க்க ஆள் வரும். மே மாதம் பெங்களூரா ரக மாம்பழ லாரிகள் கேட்டில் வரிசை கட்டிவிட்டால், ஜூலை ஆகஸ்ட் வரை எதற்கும் நேரம் கிடையாது. பராமரிப்பு வேலையில் கை சிக்காமல் இருக்க ஏதாவது வாங்குவதானால் அந்த முடிவும் ஏப்ரலிலேயே எடுத்தாக வேண்டும்.

பாதுகாப்புச் சாமான் விற்பவர் முதலில் கையுறையை எடுத்துக் காட்டுவார். இயந்திரம் செய்து கொடுத்த கம்பெனி, மூடியில் சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்று கொட்டேஷன் அனுப்பும். இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் பிட்டரைக் கேட்டால் "மெயினை ஆஃப் பண்ணிட்டா போதும் சார்" என்பார். மூன்று பேர் சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரிக்க இரண்டு கேள்விகள் போதும். அந்த வேலைக்காக ஒரு ஷிப்டில் எத்தனை தடவை இயந்திரத்தைத் திறக்கிறோம்? வேலை முடியும்வரை இயந்திரம் நிற்க வேண்டுமா, கொஞ்சமாவது அசைய வேண்டுமா?

கை எங்கே போகிறது

பல்ப்பரிலிருந்து தொடங்கலாம். உள்ளே பீட்டர் கைகள் சுழன்று பழத்தைச் சல்லடைமேல் அடிக்கின்றன. கூழ் கீழே இறங்க, கொட்டையும் தோலும் வால் பக்கம் தள்ளப்படுகின்றன. நார் அதிகமுள்ள பழம் வந்தால் வால் பக்கம் அடைக்கும், மோட்டார் இழுக்க முடியாமல், சுமை கூடினால் மின்சாரத்தை வெட்டும் ஓவர்லோட் ரிலே விழும். ஆபரேட்டர் மூடியைத் திறந்து நாரைக் கையால் உருவுவார். அதே நேரம் பேனல் அறையில் இருக்கும் எலக்ட்ரீஷியன், ரிலே விழுந்ததைப் பார்த்து, ரீசெட்டை அழுத்தி மோட்டார் மறுபடி ஓட வழி விடுவார். இரண்டு பேருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து கன்வேயர் பெல்ட்டின் வால் உருளை. பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்தால் ஓடும்போதே போல்ட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒட்டிய தோலை விரலால் தட்டிவிடும் பழக்கமும் இங்கேதான். டின் மூடும் சீமரில் ரோல் மாற்றும்போது, டைமிங் பார்க்கத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியாக வேண்டும். ஒருவர் சுற்ற இன்னொருவர் விரலை வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பலரும் கணக்கில் சேர்க்காத இடம் வி-பெல்ட். பேரிங் மாற்றிய பிறகு ஷாஃப்ட் லேசாகச் சுற்றுகிறதா என்று பார்க்க, பெல்ட்டைக் கையால் பிடித்து இழுப்பார்கள். மோட்டாரில் துளி மின்சாரம் இருக்காது. ஆனாலும் இழுத்த வேகத்தில் விரல் பெல்ட்டோடு போய்ப் புல்லி காடிக்குள் ஏறிவிடும். மின்சாரத்தை எவ்வளவு பத்திரமாகப் பூட்டினாலும் இந்தக் காயம் தடுபடாது. புல்லி பக்கத்து ஷாஃப்ட் முனையில் அறுகோண வடிவில் ஒரு நுனி விட்டு, ஸ்பேனர் போட்டுச் சுற்றுவதுதான் வழி. ஸ்டார்ட் கொடுக்கும் முன் ஸ்பேனரைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அது பறக்கும்.

இப்போதிருக்கும் பழக்கம்

சிவப்பு நிறுத்தப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையை விடுவது, அல்லது பேனலில் லைனை வெட்டும் சிறு சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கிவிடுவது, அல்லது பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது. இந்த வரிசையில் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் மேல். சிவப்புப் பொத்தான், மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்சான கான்டாக்டரின் காயிலைத்தான் விடுவிக்கிறது; கான்டாக்டர் முனைகள் உருகி ஒட்டியிருந்தால் மோட்டார் நிற்காது, பொத்தானை யாராவது திருப்பிவிட்டால் மறுபடி கிளம்ப வழி திறந்துவிடும். எம்.சி.பி.யை யாரும் ஏற்றலாம். பியூஸ் பையில் இருந்தாலும் ஸ்டோரில் இன்னொன்று இருக்கும்.

இவற்றைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. "கரண்ட் போயிருக்கு, இந்த கேப்ல நாரை எடுத்துரலாம்." ஆலையில் தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர் இருந்தால், மின்வெட்டுக்குச் சில விநாடிகளிலேயே மின்சாரம் திரும்பிவிடும். பச்சை, சிவப்பு பொத்தான் உள்ள ஸ்டார்ட்டர் கரண்ட் போனதும் விழுந்துவிடும். மறுபடி பச்சையை அமுக்கினால்தான் ஓடும். திருகு சுவிட்சில் ஓடும் மோட்டார் அப்படியல்ல. சுவிட்ச் ஆன் நிலையிலேயே நிற்பதால் கரண்ட் வந்ததும் தானாகவே ஓடும். மின்சாரம் வந்தவுடன் ஓடும்படி செட் செய்திருந்தால், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவும் இதையே செய்யும். ஓவர்லோட் ரிலேயிலும் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு தேர்வு இருக்கும். திருகு சுவிட்சோடு ரிலேயும் ஆட்டோவில் இருந்தால், சூடு தணிந்ததும் யாரும் தொடாமலே இயந்திரம் கிளம்பும். ரிலேயை மேனுவலுக்கு மாற்றுவதற்கும், திருகு சுவிட்சை எடுத்துவிட்டுப் பொத்தான் ஸ்டார்ட்டர் போடுவதற்கும் பெரிய செலவில்லை. வேறு எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த இரண்டும் நடந்தாக வேண்டும்.

பூட்டு

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பக்கத்திலேயே மின்சாரத்தை முழுதாகப் பிரிக்கும் சுவிட்சான ஓர் ஐசொலேட்டர், அதன் கைப்பிடியில் பூட்டு மாட்டத் துளை, வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு, சொந்தச் சாவி. நான்கு பேர் வேலை செய்தால் பல துளைகளுள்ள கொக்கி ஒன்றை மாட்டி அதில் நான்கு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை ஐசொலேட்டர் ஏறாது. மேலே சொன்ன பல்ப்பர் நிலைமைக்கு நேரடியான விடை இதுதான். எலக்ட்ரீஷியன் ரீசெட்டை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டாருக்கு மின்சாரம் போகாது.

பூட்டு எண்ணிக்கையை ஆள் கணக்கில் போடவேண்டும், இயந்திரக் கணக்கில் அல்ல. ஷிப்டுக்கு இரண்டு பிட்டர், ஓர் எலக்ட்ரீஷியன், இரண்டு ஹெல்பர் என்றால் இரண்டு ஷிப்டுக்குப் பத்து. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு நாலைந்து சேர்த்துக்கொள்ளலாம். ஹார்டுவேர் கடையில் ஒரே அட்டையிலிருந்து எடுக்கும் மலிவுப் பூட்டுகளில், ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறப்பதுண்டு. வாங்கும்போதே எல்லாச் சாவியையும் எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்ப்பது கால் மணி நேர வேலை.

ஐசொலேட்டர் வாங்கும்போது பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். மாங்கூழ் ஆலையில் தினமும் ஹோஸ் அடித்துக் கழுவுவார்கள், சர்க்கரைக்கு எறும்பு வரும். தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் அளவு ஐ.பி. 65க்குக் குறைந்த பெட்டி ஒரு சீசன்கூடத் தாங்காது. கேபிள் நுழையும் கிளாண்டைக் கீழ்ப்பக்கம் வைத்தால் தண்ணீர் இறங்காது. வி.எஃப்.டி.யில் ஓடும் மோட்டாருக்கு, டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஐசொலேட்டர் வைத்து ஓட்டத்திலேயே அதை இறக்கினால் டிரைவ் பழுதாகலாம். முதன்மை முனைகள் பிரிவதற்கு முன்பே பிரியும் துணை முனை ஒன்றை வைத்து, டிரைவை முதலில் நிற்கச் சொல்ல வேண்டும். டிரைவையே திறக்கும் வேலையானால் கதை வேறு. 415 வோல்ட் லைனில் டிரைவுக்குள் இருக்கும் கப்பாசிட்டரில் 580 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மெயினை எடுத்த பிறகும் டிரைவ்மேல் எழுதியுள்ள நிமிடக் கணக்குவரை காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்துத்தான் கை வைக்கலாம்.

பூட்டும் முறை இப்படிப் போக வேண்டும். ஆபரேட்டரிடம் சொல்லி, வழக்கமான பொத்தானால் நிறுத்துங்கள். ஐசொலேட்டரை இறக்கி உங்கள் பூட்டைப் போட்டு, பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். காற்று லைன் வால்வை மூடிப் பூட்டி, மிச்சக் காற்றை வெளியே விடுங்கள். நீராவி, சூடான கூழ் வரும் வால்வுகளையும் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். சுழற்சி முழுதாக நிற்கட்டும். பிறகு, அருகில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஸ்டார்ட் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.

அந்தக் கடைசிப் படியைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். பேனலில் "பல்ப்பர் 2" என்று எழுதியிருக்கும். போன வருஷம் கேபிள் மாற்றியபோது அது "பினிஷர்" என்ற வேறு இயந்திரத்துக்குப் போவதாக ஆகியிருக்கும். அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும். வயரையே தொடும் வேலைக்கு டெஸ்டர் ஸ்குரூடிரைவரை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு இறந்த லைனில் மூன்று பேஸையும் ஒன்றோடொன்றும் எர்த்தோடும் அளந்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் மீட்டரே பழுதாகியிருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண சிலிண்டர் 6 பார் அழுத்தத்தில் தள்ளும் விசை ஏறக்குறைய 120 கிலோ. மின்சாரத்தைப் பூட்டிவிட்டு, சிக்கிக்கொண்ட வால்வை விரலால் நெம்பினால், லைனில் நின்ற காற்று அந்த 120 கிலோவையும் விரல்மேல் இறக்கும். பல்ப்பர் ரோட்டரும் அப்படித்தான். ஒரு பக்கத்து நாரை மட்டும் எடுத்ததும் எடை மாறித் தானாகக் கால் சுற்று சுற்றும். கட்டையோ பின்னோ வைத்து அதை நிறுத்திய பிறகே சல்லடையில் கை.

பூட்டின் பலவீனம் நேரம். நிறுத்தி, பூட்டி, சோதித்து, திறந்து மறுபடி ஓட்ட ஐந்து நிமிடம் என்று வையுங்கள். வாரம் ஒரு தடவை பேரிங் பார்க்கும் வேலைக்கு அது ஒன்றுமேயில்லை. ஷிப்டில் பன்னிரண்டு தடவை அடைப்பு எடுக்கும் பல்ப்பருக்கு ஒரு மணி நேரம். மணிக்கு ஐந்து டன் ஓடும் லைனென்றால் ஐந்து டன் பழம் வெளியே வெயிலில் காயும். எவ்வளவு திட்டினாலும் மூன்றாம் நாள் யாரும் பூட்ட மாட்டார்கள். இதை ஒழுக்கக் குறைவு என்று சொல்லித் தள்ளுவது தவறு. அந்த இடத்துக்குப் பூட்டைத் தேர்ந்ததே தவறு.

மூடி சுவிட்ச்

அடிக்கடி திறக்கும் இடத்துக்கு மூடியோடு இணைந்த சுவிட்ச்தான் பொருத்தம். மூடி திறந்தால் மோட்டார் நிற்க வேண்டும், திறந்திருக்கும்வரை கிளம்பக் கூடாது. கொட்டேஷனில் "சேஃப்டி சுவிட்ச்" என்ற ஒரே பெயரில் மிக வேறுபட்ட பொருட்கள் வருகின்றன. மிக மலிவானது சாதாரண லிமிட் சுவிட்ச், ஒரு துணித்துண்டை அடைத்தால் ஏமாந்துவிடும். மூடியிலுள்ள உலோக நாக்கு சுவிட்சுக்குள் செருகும் வகையில், உதிரி நாக்கு ஒன்றைக் கயிறு கட்டி அங்கேயே தொங்கவிடுவார்கள். காந்த வகையை ஸ்பீக்கர் காந்தத்தால் ஏமாற்றலாம். குறியீடு உள்ள வகை தன் இணையைத் தவிர வேறெதையும் ஏற்காது, விலையும் அதற்கேற்ப.

அதைவிட முக்கியமான கேள்வி, பல்ப்பர் எத்தனை விநாடியில் நிற்கிறது என்பது. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து பாருங்கள். மூடியிலிருந்து பீட்டர் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், நிமிர்ந்து நிற்கும் ஆளின் கை அங்கே போய்ச்சேர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். விநாடிக்கு 1.6 மீட்டர் என்பது ஐ.எஸ்.ஓ. 13855 என்ற சர்வதேசத் தரம் எடுத்துக்கொள்ளும் கணக்கு. ரோட்டர் நிற்க இருபது விநாடி ஆகுமானால், மூடியைத் திறந்ததும் மின்சாரத்தை வெட்டும் வெறும் சுவிட்ச் எதற்கும் உதவாது. சுழற்சி நின்ற பிறகே மூடியை விடுவிக்கும் பூட்டுள்ள சுவிட்ச் வேண்டும். கூழைச் சுத்தம் செய்யும் டெகான்டர் மையவிலக்கியில் நிற்கும் நேரம் பல நிமிடங்கள் என்பதால் அங்கே பேச்சே இல்லை.

இந்த சுவிட்சை, லைனை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யின் சாதாரண இன்புட்டில் கொடுத்து முடித்துவிடும் ஆட்களும் உண்டு. பாதுகாப்பு ரிலே ஒன்றும், அதற்குப் பின் வரிசையாக இரண்டு கான்டாக்டரும் கேளுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றது வெட்டும். ஒரு பல்ப்பருக்கு இவை எல்லாம் சேர்த்து ஆகும் பணத்தில் நல்ல ஐசொலேட்டர் அரை டஜன் வாங்கலாம். அதனால் அடைப்பு எடுக்கும் பல்ப்பருக்கும் சீமருக்கும் மட்டும் போட்டு, மற்றதைப் பூட்டுக்கு விடுவதே எங்கள் கருத்து. இன்னொன்றும் உண்டு. பேரிங் மாற்ற உள்ளே உட்காரும் பிட்டருக்கு மூடி சுவிட்ச் பூட்டுக்கு மாற்று ஆகாது. அவர் உள்ளே இருக்கும்போது யாராவது மூடியைச் சாத்தினாலே சுவிட்ச் திருப்தியாகிவிடும்.

மூடி பூட்டியிருந்தாலும் கீழே கொட்டை விழும் வாய் திறந்தே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 13857 அட்டவணைப்படி, சதுரத் திறப்பு 12 முதல் 30 மில்லிமீட்டர்வரை இருந்தால் ஆபத்தான பாகம் குறைந்தது 120 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 40 முதல் 120 மில்லிமீட்டர் திறப்புக்குள் முழுக் கையும் போகும், அதற்கு 850 மில்லிமீட்டர். மாங்கொட்டை விழும் அளவு வாய்க்குக் கம்பி வலை போட முடியாது. தகரத்தில் நீண்ட குழாய் போல அடித்து, வளைத்து, தூரத்தைக் கூட்டுவதுதான் வழி. உள்ளூர் வெல்டரால் முடிகிற வேலை.

கையுறை

கையுறைக்கான ஐரோப்பிய இ.என். 388 தரத்தில் வெட்டுத் தாங்கும் அளவு ஏ முதல் எஃப் வரை. சி என்றால் 10 நியூட்டன், இ என்றால் 22 நியூட்டன். 15 கிலோவாட், 960 சுற்று மோட்டாரின் முறுக்கு விசை சுமார் 150 நியூட்டன் மீட்டர். அதோடு நேராக இணைந்த பீட்டரின் நுனி அச்சிலிருந்து கால் மீட்டர் தள்ளி இருந்தால், அங்கே 600 நியூட்டன். எந்தக் கையுறையும் இதற்குப் பதில் சொல்லாது. வெறும் விரலாக இருந்தால் தோல் கிழிந்து தப்பிக்கக்கூடிய இடத்தில், கிழியாத கையுறை முழங்கைவரை இழுத்துச் செல்லும். சுழலும் பாகத்துக்குப் பக்கத்தில் கையுறை கூடாது. மோதிரமும், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறும், காப்பும் அதே கணக்குத்தான். கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சுழலும் பாகம் இல்லாத வேலைக்கு விடலாம், வாக்குவாதம் வேண்டாம்.

அதே கையுறை, பூட்டி நிறுத்திய இயந்திரத்தில் சல்லடை கழற்றும்போது அவசியம். துளையிட்ட எஃகுத் தகட்டின் ஓரம் சவரக் கத்தி போல இருக்கும், கூழ் பட்ட கையில் வழுக்கும். அதற்கு சி அல்லது டி, உள்ளங்கையில் நைட்ரைல் பூச்சு. காஸ்டிக் சோடா கொண்டு சூடாகக் கழுவும் லைனைப் பிரிக்க வேறு கையுறை. துணியில் பின்னியது அங்கே காரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும்.

கையை விலக்கும் சில்லறைச் சாமான்கள்

விற்பனையாளர் பட்டியலில் வராதவை, ஆனால் பணத்துக்கு அதிகம் தருபவை. 60, 70 சென்டிமீட்டர் நீளத்தில் எஃகுக் கொக்கி ஒன்று, நின்ற பல்ப்பரில் நார் எடுக்க. அதன் கைப்பிடி மூடிய வளையமாக இருக்கக் கூடாது; இழுபட்டால் கையிலிருந்து நழுவிப் போக வேண்டும். கிரீஸ் நிப்பிளுக்கு ஒரு குழாய் கொடுத்து உறைக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால், கிரீஸ் அடிக்க உறையைக் கழற்றவே வேண்டாம். கன்வேயர் பெல்ட் நகர்வைச் சரிசெய்யும் போல்ட்டை நீட்டி வெளியே வைத்துவிட்டால், ஓடும்போதே சரிசெய்யலாம், வால் உருளையும் வலைக்குள் இருக்கும். இரண்டாவது கேள்விக்கு, அதாவது அசைய வேண்டிய வேலைகளுக்கு, பூட்டோ மூடி சுவிட்சோ மட்டும் போதாது, இப்படித்தான் வழி செய்ய வேண்டும். சீமர் டைமிங்குக்குக் கைச்சக்கரம் இருந்தால் மின்சாரத்தைப் பூட்டிவிட்டு, சுற்றுபவரே விரலையும் வைத்துப் பார்க்கட்டும், ஓர் ஆள் மட்டும். கைச்சக்கரம் இல்லாவிட்டால், அமுக்கிப் பிடிக்கும்வரை மட்டுமே மெதுவாக அசையும் பொத்தான்.

ஓடும் இயந்திரத்தில் பார்வையிடவோ எண்ணெய் விடவோ வேண்டுமானால், தனிப் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டு, இறுக்கமான உடை அணிந்தவரே செய்ய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 22ஆம் பிரிவில் சொன்னது. பல ஆலைகளில் அந்தப் பதிவேடு இருக்கிறது. அதிலுள்ள பெயர்கள் வேலையை விட்டுப் போனவர்களுடையது.

இத்தனைக்குப் பிறகும் சிக்கினால்

சிக்கிய கையை எடுக்க மோட்டாரைத் திருப்பி ஓட்டாதீர்கள். பூட்டிவிட்டு பெல்ட்டைத் தளர்த்தி, சல்லடையைக் கழற்றி எடுங்கள். வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். காயத்தில் சுத்தமான துணி வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. 108ஐ அழைக்கும்போதே, விரலை ஒட்டும் நுண்ணறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கும் பேசிவிட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து சேலம் 65. எங்கே போவது என்பதை ஏப்ரலிலேயே விசாரித்து, எண்ணைப் பேனல் கதவில் ஒட்டிவையுங்கள். கிரீஸ் கன்னோ அழுத்தமுள்ள ஆயில் லைனோ விரலில் பீய்ச்சி ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் அது அறுவைச் சிகிச்சைக் காயம். கழுவி பேண்டேஜ் போட்டு வேலைக்கு அனுப்பினால் விரலையே இழக்க நேரும்.

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, முழு ஆள்காட்டி விரலுக்கு 14 என்று இருந்தது. ஸ்பேனர் பிடிக்கும் பிட்டரின் கணக்கு அந்த 14இல் அடங்காது.

பணம் குறைவென்றால்

ரிலேயையும் ஸ்டார்ட்டரையும் மாற்றுவது முதலில். அடுத்து கொக்கி, கிரீஸ் குழாய், நீட்டிய போல்ட், கொட்டைக் குழாய். மூன்றாவதாக ஐசொலேட்டரும் பூட்டும். பல்ப்பருக்குப் பூட்டுள்ள மூடி சுவிட்ச் இந்த வருஷம் முடியாவிட்டால், அடைப்பு எடுக்கும் பொறுப்பை ஷிப்டுக்கு ஒருவரிடம் மட்டும் கொடுத்து, அவர் இடுப்பிலேயே ஒரு பூட்டு இருக்கட்டும். அந்த ஒரு சீசனுக்கு அந்த நேர இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். கையுறை கடைசியில், அதுவும் சல்லடைக்கு மட்டும். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கும் இதே வரிசை பொருந்தும், கிழங்கு அரைக்கும் பல் உருளையைப் பல்ப்பர் இடத்தில் வைத்துக்கொண்டால்.

எந்த இயந்திரத்துக்கு முதல் ஐசொலேட்டர் என்று குழப்பமாக இருந்தால், முதல் லாரி வரும் முன் ஒரு நாள் பழம் இல்லாமல் முழு லைனையும் ஓடவிட்டு, எல்லாரையும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, மெயினை இறக்குங்கள். ஜெனரேட்டர் ஏறட்டும். யாரும் தொடாமலே எவை எவை சுழல ஆரம்பிக்கின்றன என்று ஒரு சுண்ணக்கட்டியால் அவற்றின்மேல் குறி போட்டு வையுங்கள்.